வெள்ளரிக்கொடியில் நடந்த பாவம்

சங்குத்துறையை ஆண்ட மருதவர்ம ராஜா நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ, அவர் சொன்னதுதான் அவருக்கு வேதம். அப்பேர்ப்பட்டவரிடம் வந்து சேர்ந்தார், பாரசீகக் கப்பலில் வந்த பைரூசர் என்ற துறவி. உலகம் ஒளிக்கும் இருட்டுக்கும் நடக்கும் சண்டை என்று சொல்லும் மானி மதத்தைச் சேர்ந்தவர்.

"ஆசை என்பது இருட்டு, அரசே! ஆணும் பெண்ணும் ஆசைப்பட்டுச் சேர்வதால்தான் பிள்ளை பிறக்கிறது. பெற்றவர்களின் பாவம் பிள்ளையின் ரத்தத்திலேயே ஊறி வருகிறது" என்றார் துறவி.

ராஜா உடனே எழுந்து நின்றார். "இனி என் நாட்டில் கல்யாணமே கிடையாது!" என்று அறிவித்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற அமைச்சர் நக்கண்ணனுக்குத் தலையில் இடி விழுந்தது. ஐயோ பாவம், மனுஷனுக்கு வரும் வெள்ளிக்கிழமை கல்யாணம்! நாற்பது வயதுக்காரரை அல்லி கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே பெரிய விஷயம். பந்தக்காலும் ஊன்றியாயிற்று. இப்போது போய் நிறுத்தினால் அவள் சும்மா விடுவாளா? அழாத குறையாக நின்றார்.

அப்போது துறவிக்கு இலை போட்டார்கள். வெள்ளரிப்பழத்துக்குள் ஒளி சிறைப்பட்டிருக்கிறதாம். அவர் சாப்பிட்டால் அதற்கு விடுதலையாம். பழத்தைக் கையில் எடுத்து, "உன்னைப் பறித்தவன் நான் இல்லை. அந்தப் பாவம் பறித்தவனுக்கே" என்று அதனிடமே சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் ஏழெட்டை விடுதலை செய்தார்.

நக்கண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அரசே, ஆசையில் பிறந்தது எல்லாமே பாவம்தானே?" என்றார்.

"சந்தேகமே இல்லை!"

"அப்படியானால் அரண்மனைச் சமையலை என்னிடம் விடுங்கள். பாவம் ஒரு பருக்கைகூட உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறேன்."

"பலே!" என்றார் ராஜா.

மறுநாள் மதியம் ராஜாவும் துறவியும் உட்கார்ந்தார்கள். இலையில் உப்பு. பக்கத்தில் தண்ணீர். அவ்வளவுதான்.

"சோறு எங்கேய்யா?"

"நெல் பூத்துச் சூல் கொண்ட பிறகுதானே அரசே அரிசி? அத்தனையும் பாவம்."

"மோராவது ஊற்று!"

"பசு காளையோடு சேராமல் பால் ஏது?"

துறவி கனைத்தார். "எனக்கு வெள்ளரிப்பழம் போதுமப்பா."

"ஐயையோ! வெள்ளரிக்கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி, சுவாமி. நடுவில் வண்டு தூது போகிறது. அதற்கப்புறம்தான் பிஞ்சு. இதற்கு மேல் சபையில் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது."

ராஜாவின் வயிறு உறுமியது. "அப்படிப் பார்த்தால் நான்கூட…"

"அதை உங்கள் தாயார் பெரிய ராணியம்மாவிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, அரசே."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போதும்டா சாமி! தடையை எடுத்தாயிற்று. உன் கல்யாணச் செலவு முழுக்க அரண்மனையுடையது. என்ன சொல்கிறீர், துறவியாரே?"

துறவி விரலில் ஒட்டிய உப்பை நக்கினார்.

"கல்யாணத்தில் பந்தி உண்டா?"

"உண்டு சுவாமி. வெள்ளிக்கிழமை."

"அவ்வளவு நாள் எதற்கப்பா? நல்ல காரியத்தைத் தள்ளிப்போடாதே. இன்றைக்கே தாலி கட்டிவிடு!"