தாளாளரின் கைரேகை

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதன் தாளாளர் வேலாயுதபெருமாள் ஆசையாகத் தொடுதிரைப் பலகை ஒன்று வாங்கினார். வாங்கியவர், பிள்ளைகளின் கைரேகை படும் என்று அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பேச்சியம்மாள் எட்டு மாதமாக விடாமல் சாவி கேட்டாள். கிடைக்கவில்லை.

ஆய்வுக்கு அதிகாரி வருகிற அன்று தாளாளரே அவளைக் கூப்பிட்டார்.

“பலகையில பாடம் நடக்கணும். ஆனா பிள்ளைங்க கையோ உங்க கையோ அதுல படக்கூடாது. பட்டா நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்.”

“சரிங்க ஐயா” என்றாள் பேச்சியம்மாள்.

அதிகாரி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பலகையில் ஒரு மனித உடல், ஓரத்தில் உறுப்புகள். தொட்டு இழுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

“இதை எங்க தாளாளர் ஐயா மட்டும்தான் தொடலாம். அதனால இன்னைக்கு அவங்களே செஞ்சு காட்டுவாங்க” என்றாள் டீச்சர். “ஐயா, கல்லீரலை வைங்க.”

“நல்ல விஷயம்” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். இனி மறுக்க வழியில்லை. தாளாளர் கல்லீரலை இழுத்து அந்த உடலின் இடப்பக்கம், இதயத்துக்குக் கீழே வைத்தார்.

“தவறு. மீண்டும் முயலவும்” என்றது பலகை.

கழுத்துக்குக் கீழே வைத்தார். தவறு. அடிவயிற்றில் வைத்தார். அதுவும் தவறு. பிள்ளைகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

தாளாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். “பிள்ளைங்களே தொடட்டும்மா.”

பேச்சியம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “கைரேகை படுமே, ஐயா?”

அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார்: “படட்டும்மா. இப்ப இருக்கிற மூணும் தப்பான இடத்துல இருக்கு.”