கடல் பார்த்த ஜன்னல்

தூத்துக்குடியில் டச்சுக்காரர் காலத்துச் சுண்ணாம்பு மாளிகை ஒன்று உண்டு; இப்போது அது அரசு அலுவலகம். அதைப் பெருக்கும் ஜெபமாலைக்கு ஒரே ஏக்கம். புருஷன் போன தோணி திரும்புவதை மாடி ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும். ஏசிக் குளிர் வெளியே போகிறதென்று அதிகாரி தாணுமூர்த்தி அதைப் பலகையடித்து மூடிவிட்டாரே.

ஒருநாள், பழைய கட்டடத்தைப் பழையபடியே வைத்திருக்கிறார்களா என்று மேலிடத்திலிருந்து பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. "ஏம்மா, இதைக் கட்டின காலத்துல இல்லாத எதுவும் மாடியில இருக்கக் கூடாது. அவங்க வர்றதுக்குள்ள எடுத்துடு," என்றார் தாணுமூர்த்தி.

வந்தவர்கள் மாடியேறியபோது பலகை தரையில் கிடந்தது. "யாரைக் கேட்டுப் பிடுங்கினே?" என்று பாய்ந்தார் தாணுமூர்த்தி.

"நீங்கதான சார் சொன்னீங்க. பலகையை எடுத்துட்டேன். ஏசியைத் தூக்கத்தான் எனக்குத் தெம்பில்ல."

வந்தவர்கள் தாணுமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த ஜன்னலை இனிமே யாரும் மூடக் கூடாது," என்றார் அவர்களில் மூத்தவர்.

ஜெபமாலை கடலைப் பார்த்தாள். தோணி ஒன்றும் தெரியவில்லை. போகட்டும், நாளைக்கும் பார்க்கலாம்.