புது ஜீப் நின்ற இடம்

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் ஐந்து நாளாக விடாத மழை. தண்ணீர் இறைக்கும் பம்போ மூன்று நாளாகப் பழுது. நூறடி உயர மண்சுவரின் உச்சியில் விரிசல் விட்டு, மழைநீர் அதற்குள் இறங்கியது. கீழே சேறாகக் கசிந்தது. உள்ளே தேங்கும் நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும் என்பது பம்பு ஓட்டும் பூவராகனுக்குத் தெரியும். அந்தச் சுவரடியில் வேலைக்கு இறங்க நாற்பது பேர் காத்திருந்தார்கள். நீர் வடிந்துவிட்டதென்று பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவர்களை இறக்க முடியும்.

"சுவர் காய்ஞ்சிருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுய்யா. இல்லேன்னா வீட்டுக்குப் போ. இது மலை மாதிரி நிக்கும்!" என்றார் மேலாளர் கனகசபாபதி.

"போட்டுடறேன் சார். உங்க ஜீப்பை மட்டும் அந்தச் சுவரடியில நிறுத்தச் சொல்லுங்க. பார்த்தா இவங்களுக்கும் தைரியம் வரும்" என்றார் பூவராகன்.

டிரைவர் சாவியைத் திருகினார்.

"டேய், நிறுத்துடா! வண்டி புதுசு!" என்று அலறினார் மேலாளர்.

நாற்பது பேரும் அதைக் கேட்டார்கள். ஒருவரும் இறங்கவில்லை. மதியம் சுவர் சரிந்து அந்த இடத்தையே மூடியது.

கையெழுத்துப் போடாத பூவராகனுக்கு அன்றே வேலை போயிற்று. அடுத்த வாரம் எதிர்ச்சுவரின் அடியில் வேலை தொடங்கியது. அங்கும் சேறு கசிந்தது. இறங்கும் முன் எல்லாரும் ஜீப் எங்கே நிற்கிறதென்று பார்த்தார்கள். அது மேலேதான் நின்றது.

வீட்டில் உலை வைக்க வேண்டுமே. இறங்கினார்கள்.