ஒரு கோல்கூட போடாத சாம்பியன்

புளியங்காட்டுக் குளத்தங்கரையில வருசா வருசம் ஃபுட்பால் போட்டி நடக்கும். மொத்தம் ஆறு டீமு. கப்பெல்லாம் கிடையாது. கோடையில குளம் வத்துறப்ப, பட்டியல்ல மொத எடத்துல இருக்கிற டீமு மொதல்ல தண்ணி குடிக்கலாம். கடைசி டீமுக்குச் சேறுதான்.

நரி டீமு கேப்டன் சிங்காரு மகா ஆட்டக்காரரு. பந்தை மட்டும் தொட்டதில்ல. மேட்சு அன்னிக்கு விடியக்காலையிலயே எதிர் டீமு வாசல்ல போயி நிப்பாரு. நடுவருக்கு வயித்தால போகுது, மேட்சு நாளைக்குத்தான்னு கண்ணத் தொடச்சுக்கிட்டே சொல்லுவாரு. அப்புறம் தன் டீமோட டான்னு களத்துல நிப்பாரு. நடுவர் கொக்கு ஒத்தக்கால்ல நின்னு பாக்கும். வராத டீமு தோத்துச்சுன்னு எழுதிரும். மறுநாள் வந்து கத்துனா, எழுதுனது எழுதுனதுதான்னு றெக்கைய விரிச்சிரும். அஞ்சு மேட்சு, அஞ்சு வெற்றி. ஆகா, என்னா வீரம்!

எருமை டீமு அஞ்சும் தோல்வி. மொத மேட்சுல ஒம்பது கோல் வாங்குச்சு. அடுத்து ஆறு, அப்புறம் மூணு, அப்புறம் ஒண்ணு. அஞ்சாவது நரிகிட்ட, வராமலே தோத்துச்சு. கேப்டன் காத்தாயிக்கு வீட்டுல பால்குடிக் கன்னு. சேத்தக் குடிச்சா கன்னு தாங்காது.

கடைசியா ஒரு வழக்கம் உண்டு. மொத டீமும் கடைசி டீமும் மோதணும். கடைசி டீமு ஜெயிச்சா ரெண்டும் எடம் மாத்திக்கணும்.

அன்னிக்கும் சிங்காரு விடியக்காலையில கெளம்புனாரு. எருமைக் கொட்டில் காலி. களத்துக்குப் போனா, காத்தாயி நடுவுல படுத்து அசைபோட்டுக்கிட்டு இருந்துச்சு.

"நடுவருக்கு வயித்தால போகுதா தம்பி? பரவால்ல, இங்கயே இருக்கேன்."

"இல்லக்கா, சும்மா நலம் விசாரிக்க வந்தேன்."

ஆட்டம் ஆரம்பிச்சுது. காடே கரையில உக்காந்திருக்கு. பந்து உருண்டு சிங்காரு கிட்ட வந்துச்சு. அவரு லபக்குன்னு வாயில கவ்வுனாரு, பொதருக்குள்ள ஓடுனாரு. கோழி புடிச்ச பழக்கம், விடுமா? மத்த பத்து நரியும் பங்கு கேட்டுப் பின்னாலயே ஓடுச்சுங்க. கொக்கு விசில் ஊதி ஊதி ஓஞ்சுபோயி, வேற பந்து ஒண்ண உருட்டி விட்டுச்சு. எருமைங்க ஆடி அசைஞ்சு வந்து மூணு கோல் போட்டுச்சுங்க.

கோடையில காத்தாயியும் கன்னும் மொதல்ல குடிச்சுதுங்க. கடைசியா சேத்துல நாக்க நீட்டிக்கிட்டு நின்னாரு சிங்காரு.

"அஞ்சு மேட்சு ஜெயிச்ச பட்டியல் இருக்குல்ல தம்பி, அதப் புழிஞ்சு குடி"ன்னுச்சு காத்தாயி.

ஆடாம வாங்குன வெற்றி பட்டியல்ல நிக்கும், களத்துல நிக்காது.