மேகனா எடுத்து வைத்த தெலுங்கு

“எங்க அண்ணன் பேசின தெலுங்கு உன் மக வாயில ஒரு சொல்கூட மிச்சமில்ல, வதினா. ஆள் போய் ஆறு மாசத்துல அதையும் துடைச்சு எடுத்துட்டியே.”

செருப்பைக் கழற்றுமுன்பே நாத்தனார் ஹைமவதி தொடங்கிவிட்டாள். பூங்கோதை தோசையைத் திருப்பினாள். “ஆமா, வீடு கூட்டுறப்போ சேர்த்து வாரிப் போட்டுட்டேன்.”

பெங்களூரில் குடித்தனம். மகள் மேகனாவுக்கு மூன்றரை வயது. அவள் பிறந்ததுமே பூங்கோதையின் கணவன் பார்கவ் சட்டம் போட்டான்: அப்பாவிடம் தெலுங்கு, அம்மாவிடம் தமிழ், மாறக்கூடாது. பெரியவர்கள் சட்டத்தைப் பெரியவர்களே மீறுவார்கள், குழந்தை மீறுமா? அவன் விளையாட்டுக்குத் தமிழில் கூப்பிட்டால் ஓடிவந்து வாயைப் பொத்துவாள்.

ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்கும் போகாத மனுஷன். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனான்; திரும்பவில்லை. ஹெல்மெட் செருப்பு அலமாரிமேல் அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து மேகனா தெலுங்கில் வாய் திறக்கவில்லை.

அதுவரை குழந்தையிடம் தமிழில் பேசிய ஹைமவதி, திடீரென்று ஞாயிறுதோறும் தெலுங்கில் கொஞ்சினாள். குழந்தை வேற்றாளைப் போலப் பார்த்தது. நர்சரி மிஸ்ஸோ, “பிள்ளையைக் குழப்பாதீங்க, ஒரு மொழி போதும். அவர் சாமானையும் ஒளிச்சு வைங்க” என்றாள். பெரிய கண்டுபிடிப்பு. பூங்கோதை எதையும் ஒளிக்கவில்லை. கணவன் கொஞ்சும் தெலுங்கை அவனைப் போலவே சொல்லிப் பார்த்தாள். மகள் வந்து அவள் வாயை இறுகப் பொத்தினாள்.

ஒருத்தி புகட்டப் பார்த்தாள், ஒருத்தி விடச் சொன்னாள், ஒருத்தி அவனாகவே பேசிப் பார்த்தாள். இதில் யார் செய்தது சரி? குழந்தையின் தெலுங்கு எங்கே போயிற்று?

விடை: மூவருமே இல்லை. மறந்தவள் ஏன் வாயைப் பொத்துகிறாள்? அது அப்பாவுக்கென்று எடுத்து வைத்தது. வேறு யாருக்கும் கிடையாது. ஹெல்மெட் வீட்டில் இருந்தால் அவனும் வீட்டில்தான் என்பது அவள் கணக்கு. ஹைமவதி அப்படிக் கேட்ட அன்று, தட்டில் தோசை விழுந்ததும் பிள்ளையைக் காணோம். வாசல் பக்கம் முக்காலியில் ஏறி, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தோசை ஆறுகிறது, வா என்று அப்பாவை அழைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் நாத்தனாரும் எட்டிப் பார்த்தார்கள். சற்றுப் பொறுத்து, இன்னும் கிட்டப் போய், மறுபடி அழைத்தாள்:

“தோச சல்லாரிப்போதோந்தி, நான்னா. ரா.”