கலைக்கூடத்தில் ஒரு காலி நாற்காலி

கோணப்பட்டியில் யாரும் புத்தியைச் செலவழிப்பது கிடையாது. கொடுத்தது கொடுத்தபடி பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்த ஊர் ஒச்சுக்காளையும் அவன் கூட்டாளிகள் பூச்சியப்பனும் வீரணனும் ஒருநாள் பட்டணத்துக்குப் போய், தேசியக் கலைக்கூடம் பார்க்கக் கிளம்பினார்கள்.

வாசல் பலகையில் 'அனுமதி இலவசம்' என்றிருந்தது.

"ஆளுக்கு ஒண்ணுதானா, ரெண்டு தருவீங்களா?" என்று ஒச்சுக்காளை துண்டை விரித்தான். காவலர் சிங்கராயர் கதவைத் திறந்துவிட்டார். 'தீர்ந்துபோச்சு போல' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

உள்ளே 'அமைதி காக்கவும்' என்றது இன்னொரு பலகை. வீரணன் வேட்டியை மடித்துக் கட்டினான். பழங்காலச் செப்புச் சிலைகளுக்கு நடுவே போய் நின்று, "அமைதியைத் திருட எவன்டா வர்றது? வாங்கடா பார்ப்போம்!" என்று கூடமே அதிரக் காவல் காத்தான்.

சுற்றிச் சுற்றி ஒச்சுக்காளைக்குக் கால் கடுத்தது. புதுக்காலக் கலை அறையில், வெள்ளைச் சுவரோரம் ஒற்றை நாற்காலி கிடந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தான். உடனே நாலு பேர் கூடிப் படம் பிடித்தார்கள்.

பூச்சியப்பன் சுவரில் இருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். "களைப்பு. கலைப்பொருளைத் தொடாதீர்கள்." நெஞ்சில் அடித்துக்கொண்டான். "அண்ணே, உன்னைக் கலைப்பொருளாக்கிட்டாங்க!"

ஒச்சுக்காளை பதறினான். "அப்ப எருமைக்கு யாருடா தண்ணி காட்டுறது? நான் வந்துடுறேன்டா!"

"எந்திரிச்சா அரசாங்கச் சொத்தைத் திருடுன மாதிரி ஆயிடும்ணே" என்றான் வீரணன்.

அந்த நேரம் பார்த்து ஒச்சுக்காளைக்கு மூக்கு அரித்தது. கையைத் தூக்கினான்.

"தொடாதே!" என்று இரண்டு பேரும் அலறினார்கள்.

ஒச்சுக்காளைக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாவம் பார்த்து, இருவரும் எட்ட நின்றே அவன் மூக்கை நோக்கி ஊதினார்கள். அரிப்பு போய்த் தும்மல் வந்தது. சன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது.

சிங்கராயர் ஓடிவந்தார். "யோவ், நீ மனுஷன்யா! எந்திரி!" என்று தோளைப் பிடித்துத் தூக்கினார்.

விடுதலை கிடைத்ததும் ஒச்சுக்காளை ஆசைதீர மூக்கைச் சொறிந்தான். ஆனால் காலி நாற்காலியைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"ஒரு பொருள் குறைஞ்சா இந்த மனுஷன் வேலை போயிடுமேடா" என்று பூச்சியப்பனை உட்காரவைத்தான். காவலர் அவனை இழுத்துவிட்டார். வீரணன் உட்கார்ந்தான். அவனை இழுப்பதற்குள் பூச்சியப்பன் அவன் மடியிலேயே ஏறிவிட்டான்.

இருவரையும் பிரித்தெடுத்த சிங்கராயருக்கு மூச்சு முட்டியது. தலையில் கையை வைத்துக்கொண்டு, பொத்தென்று அவரே நாற்காலியில் சாய்ந்தார்.

மூவரும் வாயைப் பிளந்தார்கள்.

"அசல் பொருள் வந்துடுச்சு, ஓசைப்படாம வாங்கடா" என்று கிசுகிசுத்தான் ஒச்சுக்காளை. அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. "எவன் செஞ்சானோ, வேர்வையைக்கூட ஒழுக விட்டிருக்கான் பாரு!"