மணி அடிக்காம வாயைத் தொறக்காத யானை

ஒரு ஊர்ல... ஊர் எங்க இருந்துச்சு, அது ஒரு காடு. அந்தக் காட்டுக்கு நடுவுல காசுக்காரங்க வந்து தங்குறதுக்குன்னு ஒரு ரிசார்ட். காலை நீட்டிப் படு மிது, அத்தை வயித்துல உதைக்காத. நடுநடுவுல "ம்" சொல்லணும், இல்லைன்னா கதையை அப்படியே நிறுத்திடுவேன், ஆமா.

"ம்."

அந்த ரிசார்ட்டுல சத்தமே போடக்கூடாது. அதுக்குத்தான் அவ்வளவு காசாம்! தும்மினா ஷ்ஷ்ஷ். செருப்பு சரக் சரக்குனா ஷ்ஷ்ஷ். ஷ்ஷ்ஷ் சொல்றதுக்குன்னே அங்க ஒரு மேனேஜர், பேரு பிரதீபன். கழுத்துல டை, உதட்டு மேல எப்பவும் ஒரு விரல். அந்த விரலோடயே பொறந்தாரோ என்னவோ.

அப்புறம் அங்க ஒரு யானை வந்துச்சு. பேரு பூங்கோதை. ரொம்ப வருசம் ஒரு கோயில்ல இருந்தவ. அவளோட பழைய பாகன் வயசாகி மக வீட்டோட போயிட்டார், அதனால இவளை இங்க கொண்டுவந்து விட்டாங்க. புதுப் பாகன் சடையப்பன். பார்த்த அன்னைக்கே அவ மேல உசுரை வச்சுட்டான். வர்ற விருந்தாளிங்க தன் கையால யானைக்கு ஊட்டலாம், போட்டோ எடுத்துக்கலாம், அதான் ஏற்பாடு. ஆனா பூங்கோதை வாயைத் தொறந்தாத்தானே? வந்ததுலேருந்து பச்சைத் தண்ணிதான். பாவம்.

மேனேஜர் சொன்னார், "சடையா, இன்னைக்குப் பொழுதுக்குள்ள இது சாப்பிடணும். இல்லைன்னா நாளைக்குக் காலையில லாரி. கண்காணாத ஊருக்கு அனுப்பிடுவேன்."

சடையப்பன் ஓன்னு அழுதான். "ஷ்ஷ்ஷ்"ன்னார் மேனேஜர். அழக்கூட விடலை அந்த மனுசன்!

அன்னைக்குக் காலையில சமையல்காரர் வெள்ளைத் தட்டுல பச்சை இலை, நாலு தக்காளி, மேல எண்ணெய் தெளிச்சு நீட்டினார். பூங்கோதை மோந்து பார்த்துட்டு தும்பிக்கையால தட்டை பதவிசா தள்ளி வச்சா. உள்ள வயிறு மட்டும் கட முடா கட முடான்னுச்சு.

மத்தியானம் யானை மாதிரியே ஒரு கேக். அதைப் பார்த்து அவ பயந்து நாலடி பின்னால போயிட்டா. பின்ன? உன்னை மாதிரியே ஒரு கேக்கைச் செஞ்சு "வெட்டித் தின்னு"ன்னா நீ திம்பியா?

"மாட்டேன்."

சாயங்காலம் மேனேஜரே வந்தார். "இதுக்குச் சாப்பிடவே தெரியலை, நான் சொல்லித்தர்றேன்"னு ஒரு வாழைத்தாரை முன்னால வச்சு, வாயைத் தொறந்து "ஆ" காட்டினார். பூங்கோதை பார்த்தா. ஐயோ பாவம், இவருக்குப் பசி போலன்னு ஒரு பழத்தை எடுத்து லபக்குனு அவர் வாயில வச்சா. "ம்ம்ம்!"னார். இன்னொண்ணு வச்சா. லபக், லபக், லபக்! தார் முழுக்க மேனேஜர் வயித்துக்குள்ள. விருந்தாளிங்களுக்குக் கை தட்ட அனுமதி இல்லையா, அதனால காத்துலயே கையை ஆட்டினாங்க.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுடும். உங்கம்மா என்னைத்தான் திட்டுவா.

அன்னைக்குத்தான் உண்ணாமலை ஆச்சி அங்க வந்து இறங்கினாங்க. காரைக்குடிப் பக்கம். சிங்கப்பூர்ல இருக்கிற மகன் "போய் ஓய்வெடுங்க ஆத்தா"ன்னு ரூம் போட்டுக் குடுத்திருந்தான். ஆச்சிக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. ஒரு பெரிய அடுக்கு டிபன் கேரியர் நிறையப் புளியோதரை, ஒரு டப்பா சீடை, குட்டியா ஒரு பித்தளைப் பிள்ளையார், அவருக்கு ஒரு பூஜை மணி. இதுதான் ஆச்சியோட மூட்டை.

அப்புறம் விடிஞ்சுது. லாரி வந்துச்சு, டுர்ர்ர். சடையப்பன் கண்ணீரைத் துடைச்சுக்கிட்டே லாரியில ஏத்துற பலகையைப் பிடிக்கிறான். பூங்கோதை ஒரு காலைத் தூக்கிப் பலகை மேல வச்சுட்டா. இன்னொரு காலைத் தூக்குறா...

ம் சொல்லு!

"ம்! ஏத்திட்டாங்களா?"

இரு. அதே நேரம் ஆச்சி குளிச்சு முழுகி, பிள்ளையாரை மேசையில வச்சு, முன்னால புளியோதரையைப் படைச்சு, கண்ணை மூடிக்கிட்டு மணியை அடிச்சாங்க. டிங் டிங் டிங் டிங்!

ஊசி விழுந்தாக் கேக்குற இடமாச்சே, காடு பூரா கேட்டுச்சு. பூங்கோதை காது ரெண்டும் விசுக்குனு விரிஞ்சுது. பலகை டமார்! திரும்பி ஓடினா பாரு ஓட்டம், திடும் திடும் திடும்! சடையப்பன் அவ வாலைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வர்றான். ஆச்சி ரூம் தாழ்வாரத்துல ஏறி, திறந்திருந்த பெரிய கதவுல தலையை விட்டா. திரைச்சீலை தலையில மாட்டி முக்காடு போட்ட மாதிரி ஆயிடுச்சு.

ஆச்சி கண்ணைத் தொறந்தாங்க. எதிர்ல மலை மாதிரி யானை முகம்!

பயந்தாங்களா? ஆச்சியாவது பயப்படுறதாவது. "பிள்ளையாரப்பா! வந்துட்டியா!"ன்னு மூணு தோப்புக்கரணம் போட்டாங்க. அப்புறம் இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "இம்புட்டுப் பெருசா வர்றவன் முன்னாடியே சொல்ல வேணாமா? புளியோதரை பத்தாதே!"ன்னாங்க.

பூங்கோதை "ஆ"ன்னு வாயைத் தொறந்தா. ஆச்சி ஒரு கையால மணி அடிச்சுக்கிட்டே, இன்னொரு கையால உருண்டை உருட்டி ஊட்டுறாங்க. லபக், லபக். கை வலிச்சு மணியை நிறுத்தினா வாய் மூடிக்கும். டிங் டிங்குனா தொறந்துக்கும்.

வால்லேருந்து இறங்கின சடையப்பன் அதைப் பார்த்துட்டான். "அட என் தாயி! கோயில்ல மணி அடிச்சுப் படைச்சப்புறம்தான சாப்பிட்டிருப்ப? அதுக்கா இத்தனை நாள் பட்டினியாக் காத்துக் கிடந்த?"ன்னு அவ காலைக் கட்டிக்கிட்டு அழுதான்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஷ்ஷ்ஷ்! இங்க மணியெல்லாம்..."

ஆச்சி முறைச்சாங்க. "பசிச்ச புள்ளை சாப்பிடுற இடத்துல என்னய்யா ஷ்ஷ்ஷு? எனக்குக் கை வலிக்குது. இந்தா, நீ அடி."

மேனேஜர் ரெண்டே விரல்ல மணியைப் பிடிச்சு, யாருக்கும் கேக்காம ணிங்னு அடிச்சார். பூங்கோதை அசையலை. வயிறு மட்டும் கட முடான்னு இடிச்சதுல கண்ணாடியெல்லாம் கிடுகிடுன்னு ஆடுச்சு. மேனேஜர் நடுங்கிப்போய், டை பறக்க, கை ரெண்டாலயும் அடிச்சார் பாரு, டிங் டிங் டிங் டிங்!

புளியோதரை காலி. சீடை காலி. நேத்து வேணாம்னு தள்ளின இலை, தக்காளி எல்லாம் காலி. லாரியும் வெறும் லாரியாத் திரும்பிப் போச்சு. வயிறு நிறைஞ்ச பூங்கோதை புல்லு மேல படுத்து கொர்ர்ர், கொர்ர்ர்ருனு குறட்டை விட்டா. அதுக்கு மட்டும் யாரும் ஷ்ஷ்ஷ் சொல்லலை. அன்னைலேருந்து மூணு வேளையும் மணி அடிக்கிறது மேனேஜர் வேலை.

ஆச்சி கிளம்புறப்போ மணியை சடையப்பன்கிட்டயே குடுத்துட்டாங்க. "பிள்ளையாருக்கு நான் வாயாலயே சொல்லிக்கிறேன்"னுட்டாங்க. அதே மாதிரி ஊருக்குப் போயி தினமும் காலையில கண்ணை மூடிக்கிட்டு "டிங் டிங் டிங்"ங்கிறாங்க. ஆனா இப்பெல்லாம் வாசக்கதவை ரெண்டு பக்கமும் விரியத் தொறந்து வச்சிருக்காங்க. புளியோதரையும் அண்டாவுலதான்.

ம் சொல்லு... மிது?

தூங்கிட்டியாடி தங்கம்! சரி, யானையும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நானும் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிறேன். ஷ்ஷ்ஷ்.